தன் முதுகு தனக்குத் தெரியாது

கத்தார் தலைநகர் தோஹாவின் நஜ்மா பகுதியில், அலுவலகங்களில் பணிபுரியும் தமிழர்கள் கூடிய ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்

 

நம்மில் பலருக்கு வாரத்தில் இந்த ஒரு நாள்தான் சொந்த நாள். துணி துவைக்கவும் ஊருக்குப் பேசவும் நிதானமாக ஒருவேளை சாப்பிடவும் வைத்திருக்கிற நாளில் இரண்டு மணி நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குத் தகுந்தாற்போல் பேச முயல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு. இவற்றில் எங்காவது கடந்த ஏழு நாளுக்குள் வலி வந்தவர்கள் கையைத் தூக்குங்கள்.

முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் கைகள் தெரிகின்றன. சரி. அந்த வலியைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் மேலாளரிடமோ எச்.ஆர். பிரிவிலோ ஒரு வார்த்தை சொன்னவர்கள் மட்டும் கையை இறக்காமல் வைத்திருங்கள்.

மூன்று கைகள்.

அத்தனை கைகள் ஏன் இறங்கின என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் மருத்துவன் அல்ல. கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு அலுவலராக, நம்மவர்கள் சொல்கிறபடி 'சேஃப்டி'யாக, பத்தொன்பது ஆண்டுகளாக வளைகுடாவில் வேலை பார்க்கிறவன். திருச்சியில் நெபோஷ் என்ற பாதுகாப்புப் படிப்பை முடித்துவிட்டு விமானம் ஏறினேன். என் வேலை அளப்பது. சாரத்தின் உயரம், கயிற்றின் பலம், இரைச்சல், தூசு, வெயில் எல்லாவற்றையும் அளந்து எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

வெயிலுக்கு இன்று கணக்கு இருக்கிறது. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த மாதமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். 2021-இல் வந்த விதி இது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை ஓய்வு. தொழிலாளர்கள் வெயிலில் சுருண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். அந்த எண்களின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

ஏசி அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு அப்படி ஒரு எண் இல்லை. அதனால் ஆபத்தும் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு தேநீர்க் கோப்பை கீழே விழும் வரைக்கும்.

போர்ட்டா கேபினில் ஒரு டைம்கீப்பர்

2017-ஆம் ஆண்டு. உலகக் கோப்பைக்காக ஊரே தோண்டிக்கிடந்த நேரம். நான் இருந்த தளத்தின் போர்ட்டா கேபினில் ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் டைம்கீப்பராக இருந்தார். ஐந்நூறு பேருக்கு மேல் வருகைப் பதிவு, ஓவர்டைம், விடுப்பு எல்லாம் அவர் கணக்கு. தினமும் அந்தக் கேபினுக்குள் போய்த்தான் நான் கையெழுத்துப் போடுவேன். தளத்தில் ஒருவரின் ஹெல்மெட் பட்டை தளர்ந்திருந்தால் இருபது அடி தள்ளி நின்றே கண்டுபிடிக்கிற கண் எனக்கு. அந்தத் தம்பியின் கழுத்து இடப்பக்கம் திரும்பியே கிடந்ததை எட்டு மாதம் நான் பார்க்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

ஒருநாள் காலை கரக் டீ வந்தது. தம்பி எடுத்தார். காகிதக் கோப்பை விரல்களுக்கு நடுவே வழுக்கிப் பதிவேட்டின் மேல் கொட்டியது.

"என்ன தம்பி, தூக்கமா?"

"இல்லண்ணே. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்ச நாளா மரத்துப் போகுது. ராத்திரி எந்திரிச்சுக் கையை உதறுனாத்தான் உணர்ச்சி வருது."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? உக்காந்து பாக்குற வேலைக்கே முடியலன்னா, வெயில்ல போய் நிக்கிறியான்னு கேப்பாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மறக்கவில்லை. வெளியே ஐம்பது டிகிரியில் கம்பி கட்டுகிறவனைப் பார்த்துக்கொண்டே உள்ளே இருக்கிறவன், தன் வலியைச் சொல்ல வெட்கப்படுகிறான். ஊரில் வீட்டாருக்கும் 'ஏசி ரூம்ல உக்காந்து வேலை' என்பதுதான் பெருமை. அந்தப் பெருமையை உடைக்க மனம் வராமல் வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறோம்.

அன்று அவரை அப்படியே உட்காரச் சொல்லிவிட்டு, முதல்முறையாக ஒரு சாரத்தைச் சோதிப்பதுபோல் அவரைச் சுற்றி வந்தேன். நாற்காலியின் கேஸ் லிப்ட் தளர்ந்து இருக்கை கீழே இறங்கியிருந்தது. மேசை விளிம்பு அவருடைய முழங்கைக்கு மேலே நின்றது. அதனால் தட்டச்சு செய்யும்போதெல்லாம் இரண்டு தோளும் காதை நோக்கி ஏறின. பின்பக்க ஜன்னலின் கூச்சம் தாங்காமல் திரையை இடப்பக்கம் தள்ளி வைத்திருந்தார். வருகைத் தாள்கள் மடிக்கும் மேசைக்கும் நடுவே கிடந்தன. தாளுக்குக் குனிந்து, திரைக்குத் திரும்பி, மறுபடி குனிந்து. போன் வந்தால் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். மவுஸ், கால்குலேட்டரைத் தாண்டி ஒரு முழம் தள்ளி. மணிக்கட்டு மேசையின் கூர்மையான விளிம்பில் அழுந்தியிருந்தது. அழுத்திய இடத்தில் தோல் கறுத்துத் தடித்துப்போயிருந்தது.

வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம்.

வலி எங்கிருந்து வருகிறது

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தசை சுருங்கி விரியும்போது இரத்தம் உள்ளே வந்து போகிறது. தோளைத் தூக்கியபடியே மணிக்கணக்காக வைத்திருந்தால் தசை சுருங்கியபடியே நிற்கிறது. இரத்த ஓட்டம் குறைகிறது. பாரம் தூக்காமலேயே சோர்வு வருவது இதனால்தான். முதுகெலும்பின் நடுவே இருக்கிற வட்டுகளுக்கு நேரடியான இரத்தக் குழாய்கள் கிடையாது என்றே சொல்லலாம். நாம் அசையும்போது அழுந்தியும் தளர்ந்தும் சுற்றியிருக்கிற திசுவிலிருந்து ஊட்டத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. அசையாமல் இருப்பது அவற்றைப் பட்டினி போடுவது.

தலையின் எடை நான்கரை ஐந்து கிலோ. நிமிர்ந்திருக்கும்போது கழுத்து அதைச் சுமந்துவிடும். குனியக் குனியச் சுமை கூடும். 15 டிகிரி குனிந்தால் 12 கிலோ அளவுக்கும், 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ அளவுக்கும் கழுத்தெலும்பின் மேல் அழுத்தம் வரும் என்று அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் ஒரு கணினி மாதிரியை வைத்துக் கணக்கிட்டார். மடியில் செல்போனை வைத்துப் பார்க்கிற கோணம் கிட்டத்தட்ட அந்த 60 டிகிரிதான்.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியே கைக்குள் போகின்றன. கை மேல்நோக்கி மடங்கியபடியோ விளிம்பில் அழுந்தியபடியோ இருந்தால் சுரங்கத்துக்குள் நெருக்கடி, நரம்பு நசுங்குகிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி வரை மரத்துப் போகும். இரவில் கூடும். அந்தத் தம்பி கையை உதறியது இதனால்தான்.

முந்நூறு ஆண்டுக்கு முந்தைய எழுத்தர்

இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த நோய் என்று நினைக்க வேண்டாம். இத்தாலியில் பெர்னார்டினோ ரமஸ்ஸினி என்றொரு மருத்துவர் இருந்தார். தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன வேலை பார்க்கிறாய்' என்ற கேள்வியையும் சேர்க்கச் சொன்னவர் அவர். 1713-இல் அந்த நூலை விரிவாக்கியபோது எழுத்தர்களின் நோயையும் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, கணக்கில் பிழை வந்துவிடக் கூடாதே என்று மனம் இறுகிக் கிடப்பது: இந்த மூன்றும்தான் காரணம் என்றார். வலக்கை செயலிழந்துபோன ஒரு பத்திர எழுத்தர் இடக்கையால் எழுதப் பழகியதையும், பிறகு அந்தக் கைக்கும் அதே கதி வந்ததையும் பதிவு செய்திருக்கிறார்.

மூன்றாவது காரணத்தைக் கவனியுங்கள். மனம் இறுகினால் தோள் இறுகும். மாத முடிவில் அந்தத் தம்பியைப் பார்த்திருக்கிறேன். சம்பளப் பாதுகாப்பு முறை வந்த பிறகு, நாம் டபிள்யூ.பி.எஸ். என்கிறோமே, குறித்த நாளுக்குள் வங்கிக்குப் பட்டியல் போயாக வேண்டும். ஒரு எண் மாறினால் ஒருவருடைய வீட்டுக்குப் பணம் போகாது. மாத முடிவில் வரும் அந்த ஐந்து நாளும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். நாற்காலியை மட்டும் மாற்றிவிட்டு அந்த ஐந்து நாளை மாற்றாவிட்டால் பாதி வேலைதான் செய்ததாக ஆகும்.

இங்கே என் ஊர் ஞாபகம் வருகிறது. அறந்தாங்கியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் பாஸ் பண்ணியவன் நான். நிமிடத்துக்கு முப்பது வார்த்தை. வளைகுடாவுக்கு வந்த முந்தைய தலைமுறை எழுத்தர்களில் எத்தனையோ பேர் அப்படி ஒரு மாடியறையிலிருந்து வந்தவர்கள். எங்கள் மாஸ்டர் கையில் ஒரு மர ஸ்கேல் இருக்கும். முழங்கை விலகினால் ஸ்கேல் வந்து முழங்கையைத் தொடும். மணிக்கட்டு மெஷினில் சாய்ந்தால் மணிக்கட்டைத் தொடும். முதுகு வளைந்தால் முதுகை. தாள், கண்ணுக்கு நேராகப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். பாதம் தரையில் பதிய வேண்டும். வரி முடியப்போகும்போது மெஷின் மணி அடிக்கும். இடக்கையை நீட்டிக் கேரேஜைத் தள்ளுவோம். பக்கம் முடிந்தால் தாளை உருவி, கார்பன் வைத்து, புதுத் தாள் சொருகுவோம். ஒவ்வொரு வரிக்கும் கைக்கு ஒரு மாற்றம், ஒவ்வொரு பக்கத்துக்கும் உடம்புக்கு ஒரு மாற்றம்.

கம்ப்யூட்டர் வந்தது. மணி நின்றது. கேரேஜ் போனது. ஸ்கேல் வைத்துக்கொண்டு பின்னால் நின்று பார்க்கிற ஆளும் போய்விட்டார். இந்த ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நம் ஊரில் பதினோரு மணிக்கு எழுந்து டீக்கடைக்குப் போவோம். இங்கே ஆபீஸ் பாய் மேசைக்கே டீ கொண்டுவருகிறார். ஜெராக்ஸும் அவரே எடுத்து வருகிறார். எழுந்திருக்கக் காரணமே இல்லாமல் ஒரு நாள் முழுக்க ஓடிவிடுகிறது.

அளப்பது எப்படி

எர்கானமிக்ஸ் என்ற சொல்லை 1857-இல் போலந்து நாட்டு அறிஞர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி உருவாக்கினார். வேலை, விதி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. தமிழில் பணிச்சூழலியல் என்கிறோம். அதன் சாரம்: வேலையை மனிதனுக்குப் பொருத்து. மனிதனை வெட்டி வேலைக்குள் திணிக்காதே.

பொருத்துவதற்கு முன் அளக்க வேண்டும். அதற்கு எளிய கருவிகள் இருக்கின்றன. காகிதமும் பேனாவும் போதும்.

முதலாவது நார்டிக் வினாப் பட்டியல், 1987. ஒரு மனித உருவம் வரைந்திருக்கும். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டும் கையும், மேல்முதுகு, இடுப்பு, தொடைச்சந்து, முழங்கால், கணுக்கால் என ஒன்பது பகுதி. ஒவ்வொன்றுக்கும் கேள்வி: கடந்த பன்னிரண்டு மாதத்தில் வலித்ததா? அதனால் வழக்கமான வேலை தடைப்பட்டதா? கடந்த ஏழு நாளில் வலித்ததா? பேச்சின் தொடக்கத்தில் உங்களிடம் கேட்ட ஏழு நாள் கேள்வி அங்கிருந்து எடுத்ததுதான். ஒரே அறையில் பத்துப் பேர் தனித்தனியாக நிரப்பி, எட்டுப் பேர் வலது தோளில் குறி வைத்திருந்தால், அது எட்டுப் பேருடைய தலைவிதி இல்லை. அந்த அறையின் மேசை.

இரண்டாவது ரூலா. 1993-இல் இங்கிலாந்தில் மெக்காட்டம்னி, கார்லெட் இருவரும் வெளியிட்டது. கை, மணிக்கட்டு, கழுத்து, உடல் இவற்றின் கோணங்களைப் பார்த்து 1 முதல் 7 வரை மதிப்பெண். 7 வந்தால் உடனே மாற்று என்று பொருள்.

மூன்றாவது, அலுவலகத்துக்கென்றே வந்த ரோசா. 2012-இல் கனடாவின் ஆய்வாளர்கள் உருவாக்கியது. நாற்காலி ஒரு பகுதி, திரையும் போனும் ஒரு பகுதி, மவுஸும் விசைப்பலகையும் ஒரு பகுதி. சரியாக இருந்தால் ஒன்று. கோளாறுக்குக் கோளாறு ஒரு எண் கூடும். இறுதி எண் 1 முதல் 10 வரை. 5-ஐத் தாண்டினால் தள்ளிப்போடக் கூடாது.

அந்தத் தம்பியின் திரைக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன். திரை தாழ்ந்திருந்தது: 2. கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது: ஒன்று கூடியது. ஜன்னல் கூச்சம்: இன்னொன்று. தாளை நிறுத்திப் பார்க்க ஸ்டாண்ட் இல்லை: இன்னொன்று. ஆக 5. நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் பார்க்கிறார் என்பதால் மேலும் ஒன்று. திரைக்கு மட்டுமே 6. போனும் நாற்காலியும் மவுஸும் இன்னும் மிச்சம். அந்தத் தாளை நீட்டியபோது, எட்டு மாதம் யார் கண்ணிலும் படாத வலி ஒரு எண்ணாக மேலாளர் மேசையில் போய் உட்கார்ந்தது. 'தம்பிக்கு முடியலையாம்' என்று நான் சொல்லியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். எண்ணைக் கண்டதும் பேனாவை எடுத்தார்.

செலவு எவ்வளவு தெரியுமா? ஸ்டோரில் சும்மா கிடந்த நல்ல நாற்காலி ஒன்று. மேசையைத் திருப்பிப் போட்டு ஜன்னலைப் பக்கவாட்டில் கொண்டுவந்தோம். திரைக்கு அடியில் இரண்டு ரீம் ஏ4 காகிதம், காலுக்கு அடியில் இரண்டு ரீம். ஒரு ஹெட்செட். மூன்று வாரம் கழித்து அதே மனித உருவத்தாளை நிரப்பினார்; கழுத்துக் குறியும் தோள் குறியும் இல்லை. மரத்துப்போன விரல் மட்டும் அப்படியே இருந்தது. நரம்புப் பரிசோதனை, இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை என்று பல மாதம் ஆயிற்று. எட்டு மாதம் முன்னால் நான் பார்த்திருந்தால் அது இவ்வளவு தூரம் போயிருக்காது.

உங்கள் மேசைக்கு ஐந்து நிமிடம்

மேசைகள் பெரும்பாலும் 73 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் வருகின்றன. ஐந்தடி ஐந்தங்குலம் இருக்கிற ஆணுக்கும், அதைவிடக் குறைவான உயரமுள்ள பெண்ணுக்கும் அது உயரம். ஆகவே பாதத்திலிருந்து தொடங்காதீர்கள், முழங்கையிலிருந்து தொடங்குங்கள். தோளைத் தளரவிட்டு முழங்கையை மடக்குங்கள். முழங்கையும் மேசையும் ஒரே மட்டத்துக்கு வரும் வரை நாற்காலியை உயர்த்துங்கள். இப்போது பாதம் அந்தரத்தில் தொங்கினால் அடியில் ஒன்று வையுங்கள். ஒரு ரீம் ஏ4 ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் கனம். ஒன்றா இரண்டா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். சகோதரிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். வரவேற்பு மேசையில் நாள் முழுக்கக் கால் தொங்க உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்குப் போய் அடுப்படியில் நிற்கிறீர்கள். இடுப்பு வலிக்கு வயதைக் காரணம் சொல்லும் முன் அந்தக் காலடியைப் பாருங்கள்.

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், கைநீள தூரத்தில், நேர் முன்னால். ஜன்னல் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், முகத்துக்கு எதிரிலும் வேண்டாம். மடிக்கணினியில் நாள் முழுக்க வேலை என்றால் தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கிக்கொண்டு கணினியை உயர்த்தி வையுங்கள். மவுஸ் விசைப்பலகையை ஒட்டியே இருக்கட்டும். ஏசி காற்று நேராகக் கழுத்திலும் கையிலும் அடிக்காதபடி இடம் மாறுங்கள். குளிர்ந்த விரல் இறுகித்தான் வேலை செய்யும்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள், சிறு அலுவலகம் வைத்திருப்பவர்கள் நாற்காலிக்குப் பெரிய கடை ஏற வேண்டியதில்லை. இதே நஜ்மாவில் சூக் ஹராஜ் இருக்கிறது. பழைய நாற்காலி வாங்கும்போது பஞ்சின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். உயர்த்தி உட்கார்ந்து ஐந்து நிமிடம் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருங்கள். இருக்கை தானாக இறங்கினால் வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்தால் முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே மூன்று நான்கு விரல் நுழைய வேண்டும். பெல்ட் கட்டுகிற இடத்தில் முதுகைத் தாங்குகிற வளைவு இருக்க வேண்டும். கைப்பிடி மேசைக்கு அடியில் போக வேண்டும்.

இதையெல்லாம் செய்துவிட்டு நான்கு மணி நேரம் சிலைபோல் உட்கார்ந்தால் பயனில்லை. எவ்வளவு நல்ல இருப்பும் நீண்டால் கெட்டதுதான். அரைமணிக்கொருமுறை எழுந்து நில்லுங்கள். டைப்ரைட்டர் மணி போய்விட்டது. செல்போனில் ஒரு மணி வையுங்கள். இந்த ஊரில் இன்னொரு அழைப்பும் உண்டு. லுஹர் பாங்கும் அஸர் பாங்கும் பெரும்பாலும் அலுவலக நேரத்துக்குள் வருகின்றன. தொழுகிறவர் எழுந்து போகிறார். உடம்பு முழுவதும் வளைந்து நிமிர்கிறது. மற்றவர்களும் அந்த நேரத்தில் எழுந்து நடந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து வரலாம். டீயை நாமே போய் எடுத்துவரலாம். ஆபீஸ் பாயின் காலுக்கும் அது ஓய்வு.

அறையிலும் கவனம் வேண்டும். அலுவலகம் முடிந்து வந்து கீழ்க்கட்டிலில் நிமிரக்கூட முடியாமல் கூனிக்கொண்டு, செல்போனை நெஞ்சில் வைத்து இரண்டு மணி நேரம் ஊருக்கு வீடியோவில் பேசுகிறோம். பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற நேரம் அது. குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. போனைக் கண் உயரத்தில் எதன் மேலாவது சாய்த்து வைத்து, சுவரில் முதுகு பதிய உட்கார்ந்து பேசுங்கள்.

தைலம் போதாத இடம்

ஊருக்குப் போகும்போது பெட்டி நிறையக் கோடாலித் தைலம் கொண்டுபோகிறோம். இங்கே நமக்கும் அதுதான் மருத்துவர். தடவிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் சில அறிகுறிகள் தைலத்துக்கும் மாத்திரைக்கும் காத்திருக்கக் கூடாதவை. கை பிடிப்பு தளர்வது, இரவில் மரத்துப்போவது, வலி காலுக்கோ கைக்கோ மின்சாரம்போல் இறங்குவது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இடுப்பு வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனாலோ அன்றே போக வேண்டும். இடது தோளும் கையும் வலித்து, நெஞ்சில் பாரமும் வியர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்தால், நாற்காலி வலி என்று படுத்துவிடாதீர்கள். 999-ஐ அழையுங்கள். எத்தனை நாற்பது வயதுக்காரர்களின் பெட்டியை நாம் ஊருக்குக் கட்டி அனுப்பியிருக்கிறோம் என்பது உங்களுக்கும் தெரியும்.

வளைகுடாவில் இருக்கிற நம்மவர்களில் பலருக்கு வைட்டமின் டி குறைவு. வெயில் நாட்டில் வெயிலையே பார்க்காத வாழ்க்கை. உடம்பெல்லாம் வலித்தால் அந்த இரத்தப் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

சொல்வது குற்றமில்லை

இனி, தொடக்கத்தில் இறங்கிய கைகளுக்கு வருகிறேன்.

கத்தாரின் 2004-ஆம் ஆண்டு 14-ஆம் எண் தொழிலாளர் சட்டம், வேலையின் ஆபத்துகளைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அவற்றிலிருந்து அவரைக் காக்க வேண்டும் என்று முதலாளியைப் பணிக்கிறது. தொழுகைக்கும் ஓய்வுக்கும் உணவுக்குமாக ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. மேசையில் உட்கார்ந்தே சோறு சாப்பிடுகிற ஒவ்வொருவரும் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்கிறார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் தசை எலும்பு நோய்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. மணிக்கட்டுச் சுரங்க நோயும் அதில் உண்டு. ஐரோப்பாவில் திரை முன் வேலை பார்ப்பவரின் இடத்தை முதலாளி ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று 1990-இலேயே நெறிமுறை வகுத்தார்கள்.

நம் ஊரையும் பாருங்கள். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு உட்கார ஒரு இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. 'கால் வலிக்கிறது' என்று எத்தனையோ பேர் சொல்லிச் சொல்லித்தான் அது சட்டமன்றம் வரை போனது. அவர்கள் உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். நமக்கு எழுந்து நிற்கும் உரிமை வேண்டும். இரண்டும் ஒரே நியாயம்: உடம்பு மெஷின் இல்லை.

தனியாகப் போய்ச் சொல்லப் பயமாக இருக்கிறதா? தனியாகச் சொல்லாதீர்கள். அந்த மனித உருவத்தாளை வைத்துச் சொல்லுங்கள். அறையில் இருக்கிற ஐந்து பேரும் நிரப்பிச் சேர்த்துக் கொடுங்கள். 'எனக்கு முடியவில்லை' என்று எழுதாமல், 'மேசை எட்டு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறது' என்று எழுதுங்கள். முதல் வரியைப் படித்தால் ஆளைப் பற்றிய சந்தேகம் வரும். இரண்டாவதைப் படித்தால் மேசையை மாற்றத் தோன்றும்.

இந்த அரங்கில் மேலாளர்கள் சிலரும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யாராவது வந்து 'கை மரத்துப்போகிறது சார்' என்று சொன்னால், பதிலுக்கு ஒன்றும் பேசாமல் எழுந்து அவருடைய மேசை வரைக்கும் நடந்து போய்ப் பாருங்கள்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள் நம் பெரியவர்கள். அடுத்தவர் குறையைப் பேசுகிறவனைக் கண்டிக்கச் சொன்னது. என் தொழிலில் அது அப்படியே உண்மை. நான் கோணி உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாது; பக்கத்தில் இருக்கிறவருக்குத்தான் தெரியும். அறந்தாங்கி மாஸ்டரின் ஸ்கேலுக்கு இருந்த வேலை அதுதான்.

இந்த ஊரில் நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் பிழைக்கிறோம். ஊருக்குப் போகிறவர் கையில் அடுத்தவர் வீட்டுக்குப் பொட்டலம் போகிறது. காய்ச்சலில் படுத்தவனுக்குப் பக்கத்துக் கட்டில்காரன் கஞ்சி வைக்கிறான். அந்தப் பழக்கத்தை அலுவலகத்துக்கும் கொண்டுபோங்கள். வாசலில் மேசை மேல் அந்த மனித உருவத்தாள் வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு எடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று பக்கத்து மேசைக்காரருக்கு. அவர் மலையாளியாக இருக்கலாம், நேபாளியாக, பிலிப்பினோவாக இருக்கலாம். படத்தில் குறி வைக்க மொழி வேண்டாம். வேலை பார்க்கும்போது பக்கவாட்டில் நின்று அவரை ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்கள். உங்களை அவர் எடுக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நிரப்பிய தாள்களைக் கொண்டுவாருங்கள். இதே இரண்டு கேள்வியையும் மறுபடி கேட்கப்போகிறேன்.